வெள்ளித்தட்டில் ஐந்து கிலோமீட்டர்: கணினித் தகவலை ஒளியால் படித்த கதை

மாணவர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டையோ தொலைக்காட்சி மேசையின் இழுப்பறையையோ ஒருமுறை திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சில வெள்ளித்தட்டுகள் இருக்கும். ஒன்றில் அம்மா அப்பாவின் திருமணப் படங்கள். இன்னொன்றில் அக்கா ஆரம்பப்பள்ளியில் ஆடிய நடனம். மற்றொன்று பழைய பயிற்சிப் புத்தகத்தோடு வந்த கணிதப் பாட மென்பொருள். தட்டு கையில் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் எந்தக் கருவியும் இல்லை. உங்கள் மடிக்கணினியில் தட்டு செருகும் பகுதியே கிடையாது.

உங்கள் பெற்றோர் பள்ளியில் படித்த காலத்தில் கணினி மென்பொருள் என்றாலே இந்தத் தட்டுதான். விளையாட்டு, அகராதி, கலைக்களஞ்சியம், கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள் எல்லாம் இதில்தான் வந்தன. இப்போது இது பழம்பொருள் போலத் தெரியலாம். ஆயினும் நீங்கள் படிக்கும் இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் மூன்றும் ஒரே பொருளில் சந்திப்பதைக் காண வேண்டுமானால் இந்தத் தட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இதைப் புரிந்துகொள்ள வேறொரு காரணமும் உண்டு. அது அவசரமான காரணம். கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கு வருவோம்.

இசைக்காகப் பிறந்தது

குறுந்தட்டு எனப்படும் சிடி முதலில் கணினிக்காக உருவாக்கப்பட்டதன்று. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் பாடல்களைப் பதிவு செய்வதற்காக அதை உருவாக்கின. இரு நிறுவனப் பொறியாளர்களும் 1979ஆம் ஆண்டு ஒன்றாக வேலை செய்யத் தொடங்கினர். 1982ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் குறுந்தட்டு இசைக்கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

பாட்டை எண்களாக மாற்றித் தட்டில் எழுத முடிந்தால், மற்ற எண்களையும் எழுத முடியும் அல்லவா? கணினிக்கு எழுத்தும் எண்தான், படமும் எண்தான், மென்பொருளும் எண்தான். அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் சிடி-ரோம். ‘ரோம்’ என்றால் படிக்க மட்டுமே முடிந்த நினைவகம். அதற்கான விதிகள் 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. 1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் குரோலியர் நிறுவனம் பல தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியத்தின் எழுத்துகள் முழுவதையும் ஒரே தட்டில் வெளியிட்டது.

அன்றைக்கு இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பதை எண்களால் பார்ப்போம். 1983ஆம் ஆண்டு வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் வன்தட்டில் 10 மெகாபைட் மட்டுமே அடங்கும். பிற்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட பிளாப்பித் தட்டில் அடங்கியது 1.44 மெகாபைட். ஒரு குறுந்தட்டிலோ 650 மெகாபைட். அதாவது 460க்கும் மேற்பட்ட பிளாப்பித் தட்டுகளில் அடங்குவது ஒரே குறுந்தட்டில் அடங்கிவிடும். 1995ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 95 மென்பொருளைப் பிளாப்பியில் வாங்கியவர்கள் 13 தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிச் செருக வேண்டியிருந்தது. குறுந்தட்டில் வாங்கியவர்களுக்கு ஒரு தட்டே போதும்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

ஒரு குறுந்தட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர். தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி பாலிகார்பனேட் என்னும் தெளிவான, உறுதியான பிளாஸ்டிக். அதன் மேற்பரப்பில் மிக நுண்ணிய பள்ளங்கள் அச்சிடப்பட்டிருக்கும். பள்ளங்கள்மீது கண்ணாடியைப் போல் ஒளியைத் திருப்பி அனுப்ப மெல்லிய அலுமினியப் பூச்சு. அதன்மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. அதற்கும் மேலே பெயரும் படமும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தகவல் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு மிக அருகில் இருக்கிறது. லேசர் ஒளி அடியிலிருந்து பிளாஸ்டிக்கை ஊடுருவி மேலே சென்று அதைப் படிக்கிறது. எனவே அடிப்பக்கத்தில் விழும் சிறு கீறலைவிடப் பெயர்ப்பக்கத்தில் விழும் கீறலே ஆபத்தானது. அது அலுமினியப் பூச்சையே பெயர்த்துவிடும். அங்கே இருந்த தகவல் திரும்பக் கிடைக்காது.

பள்ளங்கள் ஒரே சுருள்கோடாக நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முடி மறைக்கும் இடத்தில் 40க்கும் மேற்பட்ட சுற்றுகள் அடங்கும்.

இந்தச் சுருளை இழுத்து நேராக்கினால் எவ்வளவு நீளம் வரும்? நீங்களே கணக்கிடலாம். தகவல் எழுதப்படும் பகுதி ஆரம் 25 மில்லிமீட்டரில் தொடங்கி 58 மில்லிமீட்டரில் முடிகிறது. பெரிய வட்டத்தின் பரப்பளவிலிருந்து சிறிய வட்டத்தின் பரப்பளவைக் கழியுங்கள். சுமார் 8,600 சதுர மில்லிமீட்டர் கிடைக்கும். அதை 0.0016 மில்லிமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 5,380,000 மில்லிமீட்டர். அதாவது சுமார் 5.4 கிலோமீட்டர்! ஜோகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதைப்போல் ஐந்து மடங்கு நீளமுள்ள பாதை உங்கள் உள்ளங்கை அளவுள்ள தட்டில் சுருண்டு கிடக்கிறது.

பள்ளத்தை ஒளி எப்படி உணர்கிறது?

குறுந்தட்டைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் பயன்படுகிறது. இது அகச்சிவப்பு ஒளி. பிளாஸ்டிக்குக்குள் நுழையும்போது ஒளியின் வேகம் குறைகிறது, அலைநீளமும் சுருங்குகிறது. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.55. எனவே 780ஐ 1.55ஆல் வகுத்தால், பிளாஸ்டிக்குக்குள் அலைநீளம் சுமார் 500 நானோமீட்டர்.

பள்ளத்தின் ஆழம் இதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஏன் நான்கில் ஒரு பங்கு? சமதளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் பள்ளத்தில் பட்டுத் திரும்பும் ஒளிக்கும் இடையே போகும்போது கால் அலை, வரும்போது கால் அலை, ஆக மொத்தம் அரை அலைநீளம் வேறுபாடு உண்டாகிறது. ஒன்றின் முகடு மற்றொன்றின் அகடோடு சேர்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அழிவுக் குறுக்கீடு இதுதான். சமதளத்தில் பட்டால் திரும்பும் ஒளி பிரகாசமாக இருக்கும். பள்ளத்தில் பட்டால் மங்கிவிடும். ஒளியை உணரும் சிறு கருவி இந்த மாற்றத்தை மின்சாரமாக மாற்றித் தருகிறது.

பள்ளம் என்றால் 0, சமதளம் என்றால் 1 என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சரியன்று. பள்ளம் தொடங்கும் விளிம்பும் முடியும் விளிம்பும்தான் 1. இடையில் மாற்றமில்லாமல் கடந்து செல்லும் ஒவ்வொரு காலத்துண்டும் 0. அதாவது கருவி பார்ப்பது ஒளியின் அளவை அன்று, ஒளியின் மாற்றத்தை.

கீறல் விழுந்தும் பாடுவது எப்படி?

ஐந்து கிலோமீட்டர் பாதையில் ஒரு தூசுகூட இல்லாமல் இருக்குமா? இருக்காது. குறுந்தட்டை வடிவமைத்தவர்கள் பிழை வரும் என்று எதிர்பார்த்தே திட்டமிட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது 1960ஆம் ஆண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் வெளியிட்ட ஒரு கணித முறை.

அதன் அடிப்படை எளிது. 7, 4, 9 என்ற மூன்று எண்களை உங்கள் நண்பருக்கு அனுப்ப வேண்டும். கூடவே அவற்றின் கூட்டுத்தொகையான 20ஐயும் அனுப்புங்கள். வழியில் இரண்டாம் எண் அழிந்துபோனாலும் கவலையில்லை. 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்தால் 4 கிடைத்துவிடும். ரீட்-சாலமன் முறை இதைவிடப் பன்மடங்கு வலிமையானது. எந்த எண் பிழையானது என்பதையே அது கண்டுபிடித்துத் திருத்திவிடும்.

ஆனால் நீண்ட கீறல் விழுந்தால் எண்களோடு கூட்டுத்தொகையும் சேர்ந்தே அழிந்துவிடுமே? அதற்கு இன்னோர் உத்தி. நூலகம், மைதானம், தோட்டம், பாடகர் என்ற நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு எழுத்துகள். இவற்றை அப்படியே வரிசையாக எழுதினால், நான்கு எழுத்து நீளமுள்ள ஒரு கீறல் ‘மைதானம்’ என்ற சொல்லையே துடைத்துவிடக்கூடும். மாறாக, எல்லாச் சொற்களின் முதல் எழுத்துகளை முதலிலும், இரண்டாம் எழுத்துகளை அடுத்தும் என்று கலந்து எழுதுங்கள்:

நூ மை தோ பா / ல தா ட் ட / க ன ட க / ம் ம் ம் ர்

இப்போது மூன்றாம் பகுதி முழுவதும் கீறலில் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் பிரித்து அடுக்கினால் நூல_ம், மைதா_ம், தோட்_ம், பாட_ர் என்று கிடைக்கும். ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்துத்தான் இல்லை. நீங்களே நிரப்பிவிடுவீர்கள். குறுந்தட்டும் இதையேதான் செய்கிறது. தகவலைச் சிதறவைத்து எழுதுகிறது. இதனால் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலான நீளமுள்ள ஒரு பாதிப்பைக்கூட அது முழுமையாகச் சரிசெய்துவிடும்.

பாட்டு மன்னிக்கும், மென்பொருள் மன்னிக்காது

இசைக்கு இந்தப் பாதுகாப்பு போதுமானது. அதையும் மீறி ஓர் ஒலித்துணுக்கு தொலைந்தால், கருவி அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஒலிகளைப் பார்த்து நடுவே பொருத்தமான ஒன்றை இட்டு நிரப்பிவிடும். உங்கள் காது கண்டுபிடிக்காது.

மென்பொருளில் அப்படி ஊகம் செய்ய முடியுமா? உங்கள் வங்கிக் கணக்கில் 1,250 ரிங்கிட் என்று எழுதியிருந்த இடத்தில், முன்பின் எண்களைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணைக் கணினி போட்டால் ஒப்புக்கொள்வீர்களா? ஒரு கட்டளையில் ஒரே ஒரு பிட் மாறினாலும் மென்பொருள் நின்றுபோகலாம்.

அதனால்தான் சிடி-ரோம் தட்டில் கூடுதலாக இன்னொரு காவல் அடுக்கு சேர்க்கப்பட்டது. தட்டு சிறு சிறு பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. இசைத்தட்டின் ஒரு பிரிவில் 2,352 பைட் ஒலி அடங்கும். சிடி-ரோம் தட்டில் அதே 2,352 பைட்டில் 2,048 மட்டுமே உங்கள் தகவலுக்கு. 12 பைட் பிரிவின் தொடக்கத்தை அடையாளம் காட்ட. 4 பைட் முகவரிக்கும் வகைக்கும். மீதி 288 பைட் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காக ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொரு பிரிவிலும் எட்டில் ஒரு பங்குக்கும் மேலான இடத்தை விட்டுக்கொடுத்து நம்பகத்தன்மையை வாங்கினார்கள்.

650 மெகாபைட் என்ற எண்ணும் இங்கிருந்துதான் வருகிறது. ஒரு நொடிக்கு 75 பிரிவுகள். 74 நிமிடங்கள் ஓடும் தட்டில் 74 × 60 × 75 = 333,000 பிரிவுகள். அதை 2,048ஆல் பெருக்குங்கள். 681,984,000 பைட். ஒரு மெகாபைட்டை 1,048,576 பைட் என்று கணினி வழக்கப்படி எடுத்துக்கொண்டால், அதுவே 650 மெகாபைட்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் கோப்புகளை அடுக்கினால், ஒரு கணினியில் திறக்கும் தட்டு மற்றொன்றில் திறக்காது. இதைத் தீர்க்கப் பல நிறுவனங்கள் கூடிப் பேசி ஒரு பொது விதியை உருவாக்கின. அது 1988ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ 9660 என்ற அனைத்துலகத் தரமாயிற்று. அந்த ஒப்பந்தத்தால்தான் அன்று எழுதிய தட்டை இன்றைய கணினியும், படிக்கும் கருவியை இணைத்தால், புரிந்துகொள்கிறது.

நிறம் மாறியது, இடம் பெருகியது

சிடிக்குப் பின் டிவிடி வந்தது. அதற்குப் பின் புளூ-ரே. மூன்றும் ஒரே அளவுள்ள தட்டுகள். பிறகு எப்படி 0.65 கிகாபைட் 4.7 ஆயிற்று, பிறகு 25 ஆயிற்று?

பேனா முனை கூர்மையாக இருந்தால் அதே தாளில் அதிகம் எழுதலாம் அல்லவா? லேசருக்குக் கூர்மை தருவது இரண்டு. ஒன்று அலைநீளம்: அது குறையக் குறைய ஒளிப்புள்ளி சிறிதாகும். மற்றொன்று ஒளியைக் குவிக்கும் வில்லையின் திறன்: அது கூடக் கூடப் புள்ளி சிறிதாகும். சிடியில் 780 நானோமீட்டர் ஒளி, வில்லைத் திறன் 0.45. டிவிடியில் 650 நானோமீட்டர் சிவப்பொளி, திறன் 0.60. புளூ-ரேயில் 405 நானோமீட்டர் நீலஊதா ஒளி, திறன் 0.85.

அலைநீளத்தைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளிப்புள்ளியின் பரப்பு அமையும். டிவிடிக்கும் புளூ-ரேக்கும் இதைக் கணக்கிட்டால், புளூ-ரேயின் புள்ளி ஏறத்தாழ ஐந்து மடங்கு சிறியது என்று தெரியும். 4.7ஐ 5.2ஆல் பெருக்கிப் பாருங்கள். 25க்கு மிக அருகில் வருகிறதா? ஆனால் சிடியிலிருந்து டிவிடிக்குப் போகும்போது புள்ளியின் பரப்பு இரண்டரை மடங்குதான் குறைகிறது, கொள்ளளவோ ஏழு மடங்கு கூடுகிறது. மீதி ஆதாயம் பள்ளங்களை இன்னும் நெருக்கி அச்சிட்டதாலும், பிழைதிருத்தும் முறையைச் சிக்கனமாக்கியதாலும் கிடைத்தது.

நீல ஒளி தரும் குறைகடத்தியை உருவாக்க அறிவியலாளர்கள் நெடுங்காலம் போராடினர். நீல ஒளியுமிழ் டையோடை உருவாக்கியதற்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவர்கள் கையாண்ட காலியம் நைட்ரைடு என்னும் பொருள்தான் புளூ-ரே லேசருக்கும் வழிவகுத்தது.

வீட்டில் எழுதிய தட்டுகள் ஏன் பலவீனமானவை?

கடையில் வாங்கிய மென்பொருள் தட்டும் வீட்டில் ‘பர்ன்’ செய்த தட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் உள்ளே வேறு வேறு. தொழிற்சாலைத் தட்டில் பள்ளங்கள் அச்சு வார்ப்பில் உருவானவை. அவை பிளாஸ்டிக்கின் வடிவமாகவே இருக்கின்றன.

நாமே எழுதும் சிடி-ஆர் தட்டில் பள்ளங்களே கிடையாது. அதில் ஒரு சாயப்பூச்சு இருக்கும். எழுதும் லேசர் அந்தச் சாயத்தைச் சூடாக்கி ஆங்காங்கே கறைபோன்ற புள்ளிகளை உண்டாக்குகிறது. படிக்கும்போது அந்தப் புள்ளிகள் பள்ளங்களைப் போல் நடிக்கின்றன. சாயம் என்றாலே வெயில்பட்டால் வெளுக்கும் என்பது துணி உலர்த்தும் எல்லாருக்கும் தெரியும். ஒளி, வெப்பம், ஈரப்பதம் மூன்றும் சாயப்பூச்சுக்கு எதிரிகள். நம் நாடுகளின் தட்பவெப்பத்தில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. சன்னலோரம் வைத்த தட்டும், காரின் முன்பலகையில் கிடந்த தட்டும் முதலில் கெடும்.

தொழிற்சாலைத் தட்டுகளும் சாகாவரம் பெற்றவை அல்ல. மேற்பூச்சு சேதமடைந்தால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் துருப்பிடித்ததுபோல் மங்கிவிடும்.

தட்டு நன்றாக இருந்தும் படிக்க முடியாமல் போன கதை

1086ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் வில்லியம் தம் நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்துத் தோலேடுகளில் எழுதவைத்தார். அதன் பெயர் டூம்ஸ்டே நூல். அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 1986ஆம் ஆண்டு பிபிசி நிறுவனம் அதேபோன்ற ஒரு புதிய கணக்கெடுப்பை நடத்தியது. இம்முறை கணக்கெடுத்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள்! நாட்டை 4 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் கொண்ட கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பள்ளியும் தன் கட்டத்தில் உள்ள கடைகள், வீடுகள், மக்களின் அன்றாட வாழ்க்கை பற்றி எழுதிப் படமும் எடுத்து அனுப்பியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர்.

அத்தனையும் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு லேசர் தட்டுகளில் பதிவாயின. அவற்றைப் படிக்கத் தனியான தட்டுக்கருவியும் அதற்கேற்ற பிபிசி கணினியும் வேண்டும். விலை மிக அதிகம். தகவல் திரட்டிக் கொடுத்த பல பள்ளிகளாலேயே அதை வாங்க முடியவில்லை. அந்த வகைக் கருவியும் விரைவில் வழக்கொழிந்தது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தட்டுகள் நல்ல நிலையில் இருந்தும் அவற்றைப் படிக்க இயங்கும் கருவிகள் மிகச் சிலவே எஞ்சின. மாணவர்கள் எழுதி முடித்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

1086இல் எழுதிய தோலேடு? அது லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. லத்தீன் தெரிந்தவர் இன்றும் வாசிக்கலாம்.

நல்லவேளையாக ஆய்வாளர்கள் விழித்துக்கொண்டார்கள். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் இணைந்த கேமிலியன் திட்டம், பழைய கணினியைப்போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைப் புதிய கணினிக்குள் உருவாக்கி, 2002ஆம் ஆண்டு அந்தத் தகவலை மீண்டும் திறந்து காட்டியது. 2011ஆம் ஆண்டு பிபிசி மாணவர்கள் எழுதிய பகுதியை இணையத்தில் வெளியிட்டது. தப்பித்தது. ஆனால் அதற்குப் பலருடைய உழைப்பும் செலவும் தேவைப்பட்டன.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தகவல் மூன்று வகையில் சாகலாம். தட்டு கெடலாம். தட்டைப் படிக்கும் கருவி மறையலாம். கோப்பைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இல்லாமல் போகலாம். மூன்றில் எது நடந்தாலும் விளைவு ஒன்றுதான்.

இந்த இரண்டாம் மரணம் இப்போது நம் வீடுகளை நெருங்கிக்கொண்டிருக்கிறது. 2008ஆம் ஆண்டு ஆப்பிள் தட்டுக்கருவி இல்லாத மேக்புக் ஏர் மடிக்கணினியை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் படிப்படியாகப் பின்பற்றின. மென்பொருள் இணையத்தில் இறங்கத் தொடங்கிவிட்டதால் தட்டின் தேவையும் குறைந்தது. தனியாக இணைக்கும் யுஎஸ்பி தட்டுக்கருவிகள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. எப்போதும் கிடைக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

அப்படியென்றால் ஒளித்தட்டுகளின் காலம் முழுவதும் முடிந்துவிட்டதா? இல்லை. 2014ஆம் ஆண்டு பேஸ்புக் நிறுவனம் 10,000 புளூ-ரே தட்டுகள் கொண்ட ஓர் அடுக்குப் பெட்டியைச் செய்து காட்டியது. அடிக்கடி பார்க்கப்படாத தகவலை, மின்சாரம் அதிகம் செலவாகாமல் சேமிப்பதற்கான முயற்சி அது. சும்மா இருக்கும் தட்டுக்கு மின்சாரம் வேண்டாம். காந்தம் அதை ஒன்றும் செய்யாது. ஒருமுறை எழுதிய தட்டில் கணினி நச்சுநிரல் புகுந்து மாற்றம் செய்யவும் முடியாது.

இந்த வார இறுதியில் உங்கள் வேலை

வீட்டில் உள்ள தட்டுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டுங்கள். பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் கேட்டு எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுங்கள். வீட்டிலேயே எழுதிய தட்டுகளுக்கு முதலிடம் கொடுங்கள். கடையில் வாங்கிய திரைப்படத்தை மீண்டும் வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

யுஎஸ்பி தட்டுக்கருவி ஒன்றை உறவினரிடமோ நண்பரிடமோ இரவல் வாங்குங்கள். தட்டில் தூசு இருந்தால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புநோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். சுருள்பாதையின் போக்கிலேயே கீறல் விழுந்தால், அடுத்தடுத்த தகவல்கள் தொடர்ந்து அழியும். அதைத் திருத்துவது கடினம் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

கோப்புகளைக் கணினிக்கு நகலெடுத்ததும், ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். நகல் முடிந்தது என்று திரையில் வந்தால் மட்டும் போதாது. பிறகு ஒரு நகலை வீட்டு வன்தட்டிலும், இன்னொன்றை வேறோர் இடத்திலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் திறந்து பார்க்க நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். மூலத் தட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். உறையிலிட்டு, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அவற்றின்மீது காகித ஒட்டிகளை ஒட்டாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒன்று: இருட்டறையில் கைவிளக்கின் ஒளியை ஒரு சிடியிலும் பிறகு ஒரு டிவிடியிலும் சாய்வாகப் படவிட்டு, சுவரில் விழும் வண்ணங்களைப் பாருங்கள். சுற்றுகள் நெருக்கமாக இருப்பதால் ஒளி சிதறி வானவில்லாகிறது. இது விளிம்பு விளைவு. டிவிடியின் சுற்றுகள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இன்னும் நெருக்கமாக உள்ளன. எதில் வண்ணங்கள் அதிகம் விரிந்து தெரிகின்றன என்று ஒப்பிட்டுக் காரணம் சொல்லுங்கள். சூரிய ஒளியையோ லேசர் சுட்டியையோ இதற்குப் பயன்படுத்தக் கூடாது. திரும்பும் ஒளி கண்ணைப் பாதிக்கும்.

இரண்டு: 80 நிமிடத் தட்டின் உறையில் 700 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கும். அதில் எத்தனை பைட் அடங்கும் என்று மேலே சொன்ன முறையில் கணக்கிடுங்கள். விடை 737,280,000 என்று வந்தால், ஒரு குறுந்தட்டின் உள்ளமைப்பு உங்களுக்குப் புரிந்துவிட்டது.

மூன்று: உங்கள் பள்ளி நூலகப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். பழைய விளையாட்டுப் போட்டிகள், இலக்கிய விழாக்கள், ஆண்டு மலர்கள் பதிவான தட்டுகள் பள்ளியிலும் இருக்கக்கூடும். கணினிக் கழகத்தின் அடுத்த திட்டம் அதுவாகவே இருக்கட்டும்.